அம்மா சொன்ன அந்த ‘சுரீர்’

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், வேறு வியாதி இல்லை. மூன்று வருடமாக வலது கன்னத்திலும் கீழ்த்தாடையிலும் வலி. பல் வலி என்று நினைத்து மூன்று கடைவாய்ப் பற்களை எடுத்தாகிவிட்டது. இரண்டாவது பல்லை எடுத்தபின் எட்டு மாதம் நன்றாக இருந்தார். பிறகு முன்னைவிட மோசம். முகம் கழுவப் பயப்படுகிறார், மஞ்சள் பூசுவதில்லை, கல்யாணத்தில் போட்ட மூக்குத்தியைக்கூடக் கழற்றிவிட்டார். ஃபேன் காற்று பட்டாலே ‘சுரீர்னு இழுக்குது’ என்று கன்னத்தைப் பொத்திக்கொள்கிறார். கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. மதுரையில் ஒரு நரம்பு டாக்டர் கார்பமாசெபைன் கொடுத்தார். அது வலிப்பு மாத்திரை என்று மருந்துக்கடையில் சொல்லிவிட்டார்கள். தலைசுற்றலும் வந்ததால் நாலே நாளில் நிறுத்திவிட்டார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ‘ரத்தக்குழாய் நரம்பைத் தொடுகிறது’ என்று இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் வாய் கோணிவிடும் என்கிறார் பெரியப்பா. எதை நம்புவது? நீங்கள் இத்தனை வருடமாக இந்த நோயையே பார்க்கிறீர்கள். இதற்கு இன்னுமா மருந்து கண்டுபிடிக்கவில்லை?

– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் ஸ்கேன் பற்றிய வரியைவிட எனக்கு அதிகம் சொன்னவை வேறு இரண்டு. ஒன்று, அம்மா வாயிலிருந்து வந்த அந்த ‘சுரீர்’. இன்னொன்று, அவர் கழற்றி வைத்த மூக்குத்தி. நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. ஆனாலும் இந்த இரண்டையும் படித்தால் எந்த நரம்பியல் மருத்துவருக்கும் முதலில் மனதில் வரும் பெயர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் ஐந்தாவது நரம்பில் வருகிற வலி. மதுரை மருத்துவரும் அதைத்தான் நினைத்திருக்கிறார், அவர் எழுதிய மாத்திரையே அதற்குச் சாட்சி.

முகவலியில் பெரும்பாலான வகைகளைக் காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி வாயில் வரும் சொல்தான் பரிசோதனை. அந்த வகையில் தமிழ் பேசும் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் கொடுத்துவைத்தவர். ‘விண்விண்ணுன்னு தெறிக்குது, ராத்திரி தூக்கமே இல்ல’ என்று ஒருவர் சொன்னால் அவரைப் பல் மருத்துவரிடம் அனுப்புவேன். பெரும்பாலும் பல்லின் வேரில் சீழ் கோத்திருக்கும். ‘குடைச்சல்’ என்றால் நாள் முழுக்க விடாமல் இருக்கிற வலி, அது வேறு கணக்கு. ‘எரியுது, துணி பட்டாக்கூடத் தாங்கல’ என்றால் அந்தப் பக்கம் எப்போதாவது அக்கி வந்ததா என்று கேட்பேன். ‘சுரீர்’ தனி ரகம். எச்சில் விழுங்குவதற்குள் வந்து போய்விடும். ஒரு நொடி, இரண்டு நொடி, மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். போன பிறகு நோயாளி சும்மா உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். அடுத்தது எப்போது வெட்டுமோ என்று அவர் அசையாமல் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. ‘இப்பத்தான் நல்லா இருந்தாங்க, அதுக்குள்ள என்ன’ என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், இனிமேல் சொல்ல வேண்டாம்.

இந்த வலிக்கு விசைப்பொத்தான் போல ஓர் இடம் இருக்கும். மூக்கின் ஓரம், மேலுதடு, ஈறு, இப்படி ஏதோ ஒரு சின்ன இடம். அழுத்திக் கிள்ளினால்கூட ஒன்றும் ஆகாது, பூப்போலத் தொட்டால் வெட்டும். காற்று, தண்ணீர், பல் துலக்கும் பிரஷ், ஒரு வாய்ப் பேச்சு போதும். அம்மாவுக்கு அந்த இடம் மூக்குத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் யாரிடமும் கேட்காமல் தானே அதைக் கண்டுபிடித்துக் கழற்றியிருக்கிறார்.

நான் இந்த நோய்க்குள் வந்ததே இப்படி ஓர் அடையாளத்தால்தான். மேற்படிப்புப் படித்த காலத்தில் வார்டுக்கு ஒரு லோடுமேன் வந்தார். இடது கன்னம் மழமழவென்று சவரம் செய்திருந்தது, வலது கன்னத்தில் ஒரு மாதத் தாடி. மனநலப் பிரிவுக்கு எழுதலாமா என்று நாங்கள் மாணவர்கள் பேசிக்கொண்டிருந்தோம். பேராசிரியர் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, “அந்தப் பக்கம் கத்தி வைக்க முடியலையாப்பா?” என்று கேட்டார். அவர் அழுதுவிட்டார். இரண்டு வருடத்தில் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் இவர்தானாம். அன்று சாயங்காலம் ஒரு நோட்டு வாங்கினேன். வலியைப் பற்றி நோயாளிகள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவைக்க ஆரம்பித்தேன். பிறகு வாரத்தில் ஒரு நாள் முகவலிக்காரர்களை மட்டும் பார்ப்பது என்று ஆனது. பெரிய ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் என் படிப்பில் பாதி அந்த நோட்டுகளில்தான் இருக்கிறது.

பல் விஷயத்துக்கு வருகிறேன். 1677 டிசம்பரில் பாரிசில் இங்கிலாந்துத் தூதரின் மனைவிக்கு இதே வலி. பார்க்கப் போனவர் ஜான் லாக். பிற்காலத்தில் தத்துவவாதியாகப் பெயர் பெற்ற அதே லாக், மருத்துவமும் படித்தவர். திடீரென்று நெருப்பு பாய்ந்தது போல இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதை, அவருடைய வார்த்தை என்று குறிப்பிட்டே லண்டனில் இருந்த மருத்துவ நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர் போவதற்கு முன்பே அந்தப் பெண்ணின் பற்களைப் பிடுங்கியாகிவிட்டது. வலி போகவில்லை. சுமார் 350 வருடம் கழித்து தேனியில் உங்கள் அம்மாவுக்கும் அதேதான் நடந்திருக்கிறது. இதற்குப் பல் மருத்துவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். பல்லுக்கும் ஈறுக்கும் போகிற நரம்பே இந்த ஐந்தாவது நரம்பின் கிளைதான், அதனால் நோயாளிக்கே அது பல்லில் வலிப்பதாகத்தான் தெரியும். ‘இந்தப் பல்லைப் புடுங்குங்க’ என்று அவர்தான் கெஞ்சுவார். என்னிடம் வருகிறவர்களில் பலரை அனுப்பிவைப்பவர்களும் கவனமான பல் மருத்துவர்கள்தான்.

அப்படியானால் இரண்டாவது பல்லை எடுத்தபின் எட்டு மாதம் எப்படி நன்றாக இருந்தார்? இந்த நோயின் குணம் அது. ஆரம்ப வருடங்களில் தானாகவே மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட, ஓய்ந்துவிடும். ஓய்வதற்கு முன் கடைசியாக யார் கை வைத்தாரோ அவருக்குப் பேர் போகும். பல் மருத்துவர், மந்திரிப்பவர், எண்ணெய் வைத்தியர், நான் என்று எல்லோருமே இந்த இனாம் பேரை வாங்கியிருக்கிறோம். இனி எக்ஸ்ரேயில் தெளிவான கோளாறு தெரிந்தாலொழிய அம்மாவின் வாயிலிருந்து இன்னொரு பல் போகக் கூடாது.

இப்போது அந்த ‘வலிப்பு மாத்திரை’. அம்மாவுக்கு வலிப்பு இல்லை, வலிப்பு வரும் என்று டாக்டர் பயப்படவும் இல்லை. ஒரு மாத்திரை ஒரு நோய்க்குத்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முகத்தில் வெட்டும் இந்த வலியும் வலிப்பும் ஒரே சாயலில் இருப்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் த்ரூஸோ கவனித்தார். இரண்டும் திடீரென்று வருகின்றன, திடீரென்று நிற்கின்றன. 1942-இல் பிரான்சில் பெர்கூன்யான் என்பவர் வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை இந்த வலிக்குக் கொடுத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் கெய்கி கம்பெனியின் ஷிண்ட்லர் 1953-இல் உருவாக்கியது கார்பமாசெபைன். 1962-இல் ஸ்வீடனின் ப்ளோம் அதை இந்த வலிக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். அன்று முதல் இன்றுவரை முதல் மருந்து இதுவே. ஐரோப்பிய நரம்பியல் அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் முதலிடம் இதற்கும் இதன் தம்பியான ஆக்ஸ்கார்பாசெபைனுக்கும்தான்.

அது செய்கிற வேலையை இப்படிச் சொல்லலாம். நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ரத்தக்குழாய் வருடக்கணக்காகத் துடித்துத் துடித்து உரசினால், அங்கே நரம்பின் மேலுறை தேய்ந்துபோகும். உறை போன ஒயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பொறி பறக்கும் இல்லையா? தொடுதல் என்ற செய்தி போக வேண்டிய இழையிலிருந்து வலி இழைக்கு மின்துடிப்பு தாவிவிடுகிறது. கார்பமாசெபைன் நரம்பில் இருக்கும் சோடியம் வாசல்களை அடக்கி, இந்த அதிவேகத் துடிப்புகளை மட்டும் மட்டுப்படுத்துகிறது. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்றவை இங்கே எடுபடாததற்குக் காரணமும் இதுதான், அவை அடக்குவது காயம், வீக்கம் போன்றவற்றால் வரும் வலியை. கார்பமாசெபைனை வலி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. வேளை தவறாமல் போட்டு, வலி வராமல் தடுக்க வேண்டும்.

தலைசுற்றல், தூக்கக் கலக்கம், தள்ளாட்டம் எல்லாம் முதல் சில நாட்களில் வரக்கூடியவைதான். அதிலும் அளவை வேகமாக ஏற்றினால் நிச்சயம் வரும். அம்மாவுக்கு என்ன அளவில் ஆரம்பித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் நான் 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை என்று ஆரம்பித்து, சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். நீங்களாக ஏற்ற வேண்டாம், அதே டாக்டரிடம் போய் ‘தலை சுத்தினதால நிறுத்திட்டோம், குறைச்ச அளவுல ஆரம்பிக்கலாமா’ என்று கேளுங்கள். நான்கு நாளில் நிறுத்தியதை வைத்து மாத்திரை தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சில வாரத்தில் கல்லீரல் இந்த மருந்தை வேகமாகக் கரைக்கப் பழகிக்கொள்ளும், அப்போது அடங்கிய வலி மீண்டும் தலைகாட்டலாம். பதறாதீர்கள், அளவைச் சற்று மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது என் சொந்தத் தப்பிலிருந்து வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாட்டிக்கு இதே மாத்திரையை எழுதினேன். வலி பத்தே நாளில் போய், அவர் எனக்கு வீட்டு முறுக்கு கொண்டுவந்தார். மூன்றாவது வாரம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளை அடையாளம் தெரியவில்லை, பேச்சு குழறுகிறது. ரத்தத்தில் சோடியம் அபாயகரமாகக் குறைந்திருந்தது. அவர் சாப்பிட்ட பிரஷர் மாத்திரை உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் வகை. கார்பமாசெபைனும் சோடியத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்துகொண்டன. நான் பிரஷர் உண்டா என்று கேட்டிருந்தேன், என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. பாட்டி பிழைத்துக்கொண்டார், என்னை ஒன்றும் சொல்லவும் இல்லை. அதனால் அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். மருந்து தொடங்குவதற்கு முன்பும், தொடங்கிய சில வாரத்திலும் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தோல். மிகச் சிலருக்கு இந்த மருந்தால் தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உயிருக்கே ஆபத்து வரும். எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை இருந்தால் அபாயம் அதிகம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004-இல் கண்டுபிடித்தார்கள். இது சீனா, தென்கிழக்கு ஆசியப் பகுதிகளில் அதிகம். இந்தியர்களில் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. இதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் முதல் இரண்டு மூன்று மாதம் கவனம் வேண்டும். காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு என்று எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்த நான்கு நாளில் இப்படி ஏதாவது வந்திருந்தால், மீண்டும் ஆரம்பிக்கும் முன் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

சரி, ஸ்கேன். ‘ரத்தக்குழாய் நரம்பைத் தொடுகிறது’ என்ற வரியைப் படித்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. ஸ்கேன் படிக்கும் நண்பர் ஒருவரோடு ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். வலி எந்தப் பக்கம் என்று சொல்லாமல் படத்தைக் கொடுப்பேன், அவர் ஊகிக்க வேண்டும். அவர் தோற்ற தடவைகள் எங்கள் இருவருக்குமே சங்கடத்தைத் தந்தன. டென்மார்க்கில் 2015-இல் இதை முறையாகப் பார்த்தார்கள். வலி இருக்கும் பக்கத்தில் 89 சதவீதம் பேருக்குக் குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலி இல்லாத பக்கத்திலும் 78 சதவீதம்! ஆனால் குழாய் நரம்பை நகர்த்தி வளைத்தோ மெலிய வைத்தோ இருந்தது வலிப்பக்கத்தில் 53 சதவீதம், மறுபக்கத்தில் 13 சதவீதம். ஆக, ‘தொடுகிறது’ என்ற சொல்லுக்கு அதிக மதிப்பில்லை. ‘அழுத்துகிறதா, நரம்பு மெலிந்திருக்கிறதா’ என்பதே கேள்வி. உங்கள் ஸ்கேனில் வேறொரு நல்ல செய்தி இருக்க வேண்டும், கட்டி இல்லை என்ற செய்தி. சிலருக்கு இந்த வலியின் பின்னால் கட்டியோ, மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயோ ஒளிந்திருக்கும், ஸ்கேன் எடுப்பதன் முதல் காரணம் அதுதான். அம்மாவின் வலது கன்னம் எப்போதாவது மதமதவென்று மரத்துப்போகிறதா, வலது காது மந்தமாகிறதா என்று கேட்டு, இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் பற்றி. ரத்தக்குழாய் நரம்பின் மேல் கிடப்பதை அமெரிக்காவில் வால்ட்டர் டாண்டி 1934-லேயே எழுதிவைத்தார், அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1960-களில் பீட்டர் ஜனெட்டா என்ற இளம் மருத்துவர் கலிஃபோர்னியாவில், பல் மருத்துவ மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஓர் உடலில் இந்த நரம்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அதையே பார்த்தார். (பல் இந்தக் கதையை விடவே விடாது போல.) குழாயை விலக்கினால் போதுமே, நரம்பை ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டார். மூத்தவர்கள் பல வருடம் நம்பவில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சிறு வாசல் திறந்து, மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சு வைப்பதுதான் அந்த முறை. பிட்ஸ்பர்கில் அவருடைய குழு இப்படி அறுவை செய்த 1,185 பேரின் கணக்கு 1996-இல் வெளியானது. பத்து வருடம் கழித்தும் 70 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் வலியின்றி இருந்தார்கள். 2 பேர் இறந்தார்கள், 16 பேருக்கு அந்தப் பக்கக் காது போனது. இதை நான் நோயாளிகளிடம் மறைப்பதில்லை.

பெரியப்பா சொல்லும் வாய்க் கோணல் பொதுவாக ஏழாவது நரம்பின் சமாச்சாரம். முகத்தை அசைக்கும் நரம்பு அது, உணரும் நரம்பு இது. இரண்டும் வேறு என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் பெல் பிரித்துக் காட்டும்வரை மருத்துவர்களுக்கே குழப்பம் இருந்தது, பெரியப்பாவை நான் கோபிக்க மாட்டேன். அறுவையின்போது பக்கத்தில் இருக்கும் ஏழாவது நரம்பு பாதிக்கப்பட வாய்ப்பு உண்டுதான், ஆனால் அது அரிது. வயதானவர்களுக்கு, மயக்கம் கொடுக்க முடியாதவர்களுக்கு, கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சூடாக்குவது, பலூனால் அழுத்துவது, காமா கதிர் கொடுப்பது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. அவற்றில் கன்னம் மரத்துப்போகும் வாய்ப்பு அதிகம், வலி திரும்பவும் வரலாம்.

என் கருத்தைக் கேட்டால், இப்போது மாத்திரையைச் சரியாக ஆரம்பியுங்கள். அடங்கினால் நல்லது. அடங்காவிட்டாலோ, வலி அடங்கத் தேவைப்படும் மாத்திரை அளவு அம்மாவைத் தூக்கத்திலேயே வைத்திருந்தாலோ, வருடக்கணக்கில் காத்திருக்காமல் அறுவை மருத்துவரைப் பாருங்கள். 62 வயது, வேறு நோய் இல்லை என்பதால் அவருக்கு அந்தக் கதவு நன்றாகவே திறந்திருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல், நரம்பியல் அறுவை இரண்டு பிரிவும் உண்டு. எல்லா மருந்தும் தோற்ற பிறகுதான் ஆபரேஷன் என்று பிடிவாதமாக இருந்த டாக்டர்களில் நானும் ஒருவன். சில நோயாளிகளை அப்படித் தேவையில்லாமல் வருடக்கணக்கில் காக்க வைத்துவிட்டேன்.

இன்னுமா மருந்து கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டீர்கள், நியாயம்தான். 1962-க்குப் பிறகு இந்த நோயைப் பற்றிய அறிவு வளர்ந்த அளவுக்கு மாத்திரை வளரவில்லை. தலைசுற்றல் குறைவாக, சோடியம் வாசலை இன்னும் குறிபார்த்து அடைக்கும் விக்ஸோட்ரிஜின் என்ற மருந்தைச் சோதித்து, அதன் முடிவை 2017-இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் முன்னணியில் இருந்தவர் லண்டனின் ஜோவானா சக்ரெவ்ஸ்கா. அவர் பல், வாய் மருத்துவத்திலிருந்து இந்த வலிக்கு வந்தவர். இந்த நோயில் மருந்துச் சோதனை நடத்துவதே கஷ்டம். இப்படி வெட்டுகிற வலியில் இருப்பவரிடம் ‘மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு ஒரு மாதம் வெறும் மாவு மாத்திரை கொடுக்கலாமா’ என்று எந்த முகத்தோடு கேட்பது? போதாததற்கு, வலி தானாக ஓய்ந்துவிட்டால் பெயர் மாவு மாத்திரைக்குப் போய்விடும்.

டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் ஒரு தாளில் குறித்துவையுங்கள். எத்தனை தடவை வந்தது, என்ன செய்தபோது வந்தது, அம்மா என்ன வார்த்தை சொன்னார். வார்த்தையை நீங்கள் திருத்த வேண்டாம். ‘செத்துடலாம்னு இருக்கு’ என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால், அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அவரைத் தனியாகவும் விடாதீர்கள். கஞ்சி மட்டும் போதாது, வெதுவெதுப்பாகக் குழைத்த பருப்புசாதம், மசித்த முட்டை, மோர் என்று வலி ஓய்ந்திருக்கும் நேரத்தில் கொடுங்கள். மாத்திரை பிடித்த பிறகு மெல்லும் தைரியம் தானே வரும்.

மூக்குத் துளை தூர்ந்துவிடும் என்று யாராவது ஈர்க்குச்சியோ வேப்பங்குச்சியோ செருகச் சொல்வார்கள். இப்போது வேண்டாம், அந்த இடத்தைத் தொடவே வேண்டாம். தூர்ந்தால் தூரட்டும், வலி அடங்கியபின் மறுபடி குத்திக்கொள்ளலாம்.